சோப்பு அடைத்த ஓட்டைகள்

செல்லூரில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று, மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீங்கக்கா. பழைய வீடு. ஒரு ஆணிக்கு ஒரு மரக்கால் காரை கொட்டும்."

வாடகை வீடுகளிலேயே ஆயுசைக் கழித்தவர்களுக்கு இந்த நிபந்தனை புதிதல்ல. அதற்கான மாற்று வழியும் புதிதல்ல. இருக்கிற வரைக்கும் அடிக்க வேண்டியதை அடித்துக்கொள்வோம். காலி செய்கிற வாரத்தில் ஆணிகளைப் பிடுங்கி, குளித்துத் தேய்ந்த சோப்புத் துண்டை நனைத்து ஓட்டைக்குள் திணித்து, கட்டைவிரலால் வழித்துவிட்டு, மேலே கொஞ்சம் சுண்ணாம்பு பூசிவிடுவோம். வீட்டுக்காரர் சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது. மதுரையில் எத்தனை சுவர்கள் செங்கல்லால் நிற்கின்றன, எத்தனை சோப்பால் நிற்கின்றன என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

நாங்கள் இங்கே வந்தது என் கணவரின் மறதியால். அவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் அதே பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் கிளார்க். ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்பே அவருக்கு மறதி ஆரம்பித்துவிட்டது. முதலில் சாவி, பிறகு தெருப் பெயர், பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை நான் வீட்டுக்குள் சொல்வதில்லை. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக நானும் வேலையை விட்டேன். பழைய வீடு மாடியில் இருந்தது, படியில் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் தரைத்தள வீடாகத் தேடி இங்கே வந்தோம்.

செல்லூர் சந்துகளில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு தறி ஓடும். எங்களுக்கு எதிரிலும் தறி, பக்கத்திலும் தறி. காலையிலிருந்து தடக் தடக்கென்று சுவரே அதிரும். எனக்கு முதல் வாரம் தலைவலி. அவருக்கோ அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துப்போனது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "பசங்க சத்தம் போடுறானுக. போடட்டும், கணக்குப் போட்டுட்டுதான சத்தம் போடுறானுக" என்பார். தறி ஓடுகிற வரைக்கும் அவர் வகுப்பில் இருந்தார்.

தறி நின்றால்தான் ஆபத்து. வந்த மாதமே மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் கரண்டை நிறுத்தியது. அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றன. அப்படி ஒரு அமைதியை நான் அந்தத் தெருவில் கேட்டதில்லை, காது அடைத்துக்கொண்டதோ என்று தலையை உதறினேன். பின்பக்கம் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி காலி, தெருக்கதவு திறந்து கிடக்கிறது. தேடி ஓடினேன். வைகைத் தரைப்பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன, பஸ் டிரைவர் இறங்கிவந்து திட்டுகிறார். இவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "பெல் அடிச்சிருச்சும்மா. அதான் வந்துட்டேன்" என்றார்.

விஷயம் அலங்காநல்லூரில் இருக்கும் என் தம்பிக்குப் போனது. மறுநாளே பைக்கில் வந்து இறங்கினான். கையில் ஒரு பொட்டலம். பிரித்துப் பார்த்தால் மாட்டுக் கொட்டகைக்குப் போடுகிற மாதிரி தடிமனான இரும்புத் தாழ்ப்பாள்.

"மச்சான் ரூம் கதவுல வெளிப்பக்கமா மாட்டிருக்கா. கரண்டு போச்சுன்னா டக்குன்னு இழுத்து விட்டுரு. ரோட்ல அடிபட்டுச் சாகுறதுக்கு உள்ள இருக்குறது மேலு."

"வாய அலம்புடா" என்றேன். அவன் சொன்னதில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அம்புட்டுக் கோபம் வந்தது.

என் தம்பிக்குத் தெரியாத ஒன்று இருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த என் கணவர், வெளியே பார்த்தபடியே ஒரு வார்த்தை கேட்டார். "என்னைய என்ன வேணா பண்ணு. பூட்டி மட்டும் வச்சிராத." ஏன் என்று நான் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். அவருக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறதி இல்லையே, அதுதான் சங்கடம்.

தாழ்ப்பாளை ஸ்டோர் ரூமில் அரிசி டிரம் மேல் போட்டுவிட்டு, பூட்டாமல் பார்த்துக்கொள்ள என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் செய்துபார்ப்பது என்று முடிவுகட்டினேன். நாளும் கிழமையும் காட்டுகிற பெரிய கடிகாரம் ஒன்று, அவர் நாற்காலிக்கு நேர் எதிரே. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. தெருக்கதவைத் திறந்தால் ஒலிக்கிற மணி. எல்லாவற்றுக்கும் சுவரில் ஓட்டை வேண்டும். ஆள் கூப்பிடலாம் என்றால், வெளி ஆள் வீட்டுக்குள் வந்தாலே அவர் திருடன் திருடன் என்று கத்தினார். ஆணிதானே அடிக்கக் கூடாது, ட்ரில் போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். தறி ஓடும்போது போட்டால் மாடிக்குக் கேட்கவும் கேட்காது.

வயர் வைத்த ட்ரில் எங்களுக்கு ஆகாது. அவர் அப்போது எந்த வயரைக் கண்டாலும் போய்ப் பிடுங்கிவிடுவார். ஃபிரிட்ஜ், மிக்ஸி, என் செல்போன் சார்ஜர், எதையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே பேட்டரியில் ஓடுவது, விலை குறைந்தது, என் கைக்கு அடங்குவது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இந்த வேலைகள் எல்லாம் அவருடையவை. அவர் ஸ்டூலில் ஏறி நிற்பார், நான் கீழே டார்ச் பிடிப்பேன். கொஞ்சம் கை அசைந்தால், "லைட்ட நேராப் பிடிம்மா, நீ வேற எங்கயோ பாக்குற" என்பார். அந்த டார்ச் பிடித்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் நான் கடைக்குப் போனேன்.

மாசி வீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. அவரைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு அரக்கப் பரக்க ஓடியிருந்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சாரக் கூட்டிட்டு வந்திருக்கலாமேக்கா" என்றார்.

"சாருக்கு வேற வேல இருக்கு. நீங்க மிஷினக் காட்டுங்க."

முதலில் தடிமாடு மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். பேட்டரியின் மேல் நாற்பத்தெட்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த நாற்பத்தெட்டு வோல்ட் அல்ல, விற்கிறவர்களின் ஆசை என்று வீடியோவில் பார்த்திருந்தேன். "இது நெசமாவே எம்புட்டு வோல்ட்டு?" என்று கேட்டதும் அவர் என்னை மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்தார். அடுத்து தேய்மானம் குறைந்த பிரஷ்லெஸ் மோட்டார் என்று ஒன்று வந்தது. நாள் முழுக்க ஓட்டைபோடுகிற தச்சருக்கு அது சரி, எனக்கு எதற்கு என்று தள்ளிவைத்தேன். பேட்டரி செத்தால் அதே பேட்டரி இந்தக் கடையில் கிடைக்குமா, இல்லை மிஷினோடு சேர்த்துக் குப்பையில் போட வேண்டியதுதானா என்று கேட்டேன். மலிவான மிஷின்களில் பாதி செத்தது அப்படிப் பேட்டரி கிடைக்காமல்தான். கடைசியில் பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு சின்ன மிஷின், கூட ஒரு உபரி பேட்டரி. சுத்துவதோடு இடிக்கவும் செய்கிற ஹாமர் வசதி அதில் இருந்தது.

"செங்கச் சுவருக்கு இது கொஞ்சம் தெணறும்க்கா. அழுத்திப் பிடிக்கணும்" என்றார் கடைக்காரர்.

"அழுத்திப் பிடிக்கிறேன்."

விசையை அழுத்திக் காட்டினார். முன்னால் ஒரு சின்ன வெள்ளை விளக்கு எரிந்தது. விரலை எடுத்த பிறகும் அது அணையவில்லை, எதையோ தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருந்தது. பழுதோ என்று கேட்டேன். "அது அப்படித்தான்க்கா. நின்னு பாத்துட்டுத்தான் அணையும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் தறிகள் முழு வேகத்தில் ஓடும்போது கடிகாரத்துக்கு ஓட்டை போட்டேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் பார்வைக்கு நேர் எதிரே பென்சிலால் குறித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். சர்ரென்று உள்ளே போய்விட்டது. திணறவும் இல்லை, ஒன்றும் இல்லை. இம்புட்டுச் சின்ன மிஷினுக்கு இம்புட்டு பலமா என்று பூரித்துப்போனேன். கடைக்காரர் சொன்னதை நினைத்துச் சிரித்தேன். மிஷினைத் தேர்ந்தெடுத்த என் கெட்டிக்காரத்தனத்தை என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும் கைதட்டினார்.

கீழே பெருக்கப் போனபோதுதான் கவனித்தேன். தரையில் செங்கல் பொடி இல்லை. சுருள் சுருளாக வெள்ளையாக ஏதோ கிடந்தது. விரலில் எடுத்து நசுக்கினேன். சந்தன சோப்பு வாசனை அடித்தது.

ட்ரில் ஒன்றும் சுவரைத் துளைக்கவில்லை. எனக்கு முன்னால் யாரோ துளைத்து, சோப்பு அடைத்துவிட்டுப் போன ஓட்டைக்குள் போய்வந்திருக்கிறது. என் பெருமை புஸ்ஸென்று இறங்கியது. சரி, எல்லோரும் காலண்டர் மாட்டுகிற இடம்தானே என்று விட்டுவிட்டேன்.

அடுத்து குளியலறைக் கைப்பிடி. அவரை உட்காரவைத்து எழுப்பி, கை எங்கே போகிறது என்று பார்த்து, அந்த உயரத்தில் கைப்பிடியை வைத்து நாலு ஓட்டைக்குக் குறித்தேன். நாலும் சர்ரென்று போயின. நாலிலிருந்தும் சோப்புச் சுருள் விழுந்தது. அதே சந்தன வாசனை. வேறு குளியலறையாக இருந்தால் அந்த வாசனை இயல்பாக இருந்திருக்கும். மிஷினைக் கீழே வைத்துவிட்டேன். கைப்பிடிகள் எல்லாம் ஒரே அளவில்தான் வரும், மனிதர்களும் ஏறத்தாழ ஒரே உயரம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கணக்கு வாத்தியார் சம்சாரம் இதற்கெல்லாம் பயப்படலாமா என்று என்னையே கிண்டலும் செய்துகொண்டேன்.

அந்தக் கிண்டல் கண்ணாடியோடு முடிந்தது.

கை கழுவும் தொட்டிக்கு மேல் சுவரிலேயே பதித்த கண்ணாடி ஒன்று உண்டு. கழற்ற முடியாது. அவர் அதன் முன்னால் நின்று சண்டை போட ஆரம்பித்திருந்தார். "யாரு இவரு? எப்பப் பாத்தாலும் இங்கயே நிக்கிறாரு. கெழவனக் கூட்டிட்டு வந்து வீட்டுக்குள்ள விட்டது யாரு?" ஒருநாள் சோப்பு டப்பாவைத் தூக்கி எறிந்தார். கண்ணாடியை மூட வேண்டும். மேலே இரண்டு பக்கமும் கொக்கி வைத்து, ஸ்பிரிங் கம்பி இழுத்து, ஒரு சின்னத் திரை போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கண்ணாடிக்குத் திரை போடுகிற வீட்டை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இந்த யோசனை உலகத்தில் எனக்கு மட்டும்தான் வந்திருக்கும் என்று நினைத்தேன்.

ட்ரில்லை வைத்தேன். இடது பக்கம் சோப்பு. வலது பக்கம் சோப்பு.

விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். அந்தச் சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. இதே இடத்தில், இதே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தி நின்றிருக்கிறாள். அவள் வீட்டிலும் ஒருவர் கண்ணாடியில் தன்னையே பார்த்து யார் என்று கேட்டிருக்கிறார். நான் செய்யப்போவதையெல்லாம் அவள் எனக்கு முன்பே செய்து முடித்து, பூசி மெழுகிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு வெளியே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அவரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

அப்போது ஒரு கேள்வி வந்தது. வந்த பிறகு மற்றதெல்லாம் சின்னதாகிவிட்டது. அவள் தன் கணவரைப் பூட்டினாளா?

நேராக அவர் அறைக் கதவுக்குப் போனேன். வெளிப்பக்கம் மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினேன். நிலைச்சட்டத்தைத் தடவினேன். விளக்கை எரியவிட்டுச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், சுவரிலோ மரத்திலோ சின்னக் குழி இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் நிழல் விழும். ஒன்றும் இல்லை. மழமழவென்று இருந்தது. எத்தனையோ செய்தவள் அந்த ஒன்றை மட்டும் செய்யவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். முகம் தெரியாத அந்தப் பெண்ணின் மேல் அம்புட்டுப் பாசம் வந்தது. அவளால் முடிந்தது என்றால் என்னாலும் முடியும் என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் மாடிக்குப் போய் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அண்ணே, எங்களுக்கு முன்னாடி யாருண்ணே குடியிருந்தாங்க?"

தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "ஒரு புருஷன் பொஞ்சாதிக்கா. தங்கமான மனுஷன். அதிர்ந்து பேச மாட்டாரு. அப்பறம் நம்ம சாரு மாதிரியே கொஞ்சம் மறதி வந்துருச்சு."

"இத ஏண்ணே முதல்லயே சொல்லல?"

"சொன்னா நீங்க வந்திருப்பீங்களா? அவரு காலமாகவும் அந்தக்கா ஊர்ப் பக்கம் போயிருச்சு. ஒரு ஆணித்தடம் இல்லாம ஒப்படைச்சுச்சு வீட்ட." அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார். "அந்தக்கா கையில மட்டும் எப்பவும் ஒரு கட்டு இருக்கும். கேட்டா தறியில பட்டுருச்சுண்ணேங்கும். அது தறிப் பக்கமே வந்ததில்ல."

எனக்கு அது காதில் விழுந்தது. மனதில் போட்டுக்கொள்ளாமல் கீழே இறங்கிவிட்டேன்.

ட்ரில்லும் சார்ஜரும் ஸ்டோர் ரூமில் இருக்கும். அங்கே உயரத்தில் ஒரு பிளக் பாயிண்ட் உண்டு, அவர் கைக்கு எட்டாது. அன்று மிஷினை வைக்கப் போனபோது, பையைத் தொங்கவிடக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. உள்ளே நின்று கதவைச் சாத்தினேன். இருட்டாக இருந்ததால் வெளிச்சத்துக்காக விசையைத் தட்டினேன். விளக்கொளி கதவின் மேல் சாய்வாக விழுந்தது.

கதவின் உள்பக்கம் நாலு குழி தெரிந்தது. பக்கத்தில் நிலையில் இரண்டு. இடுப்பு உயரத்தில் மறுபடியும் நாலு, இரண்டு. முழங்காலுக்குக் கீழே இன்னொரு வரிசை. எல்லாம் சோப்பு வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் பூசியது. விளக்கு அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள் அவரைப் பூட்டவில்லை. தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு தாழ்ப்பாள் போதாமல் இன்னொன்று, அதுவும் போதாமல் இன்னொன்று.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. அவர் பழையபடிதான் இருந்தார். நான் ஊட்டினால் சாப்பிட்டார், "ஒனக்கு இருக்கா?" என்று கேட்டார். வாழ்நாளில் ஒரு பையனைக்கூட அடிக்காத வாத்தியார் என்று பள்ளிக்கூடத்தில் அவரைக் கேலி செய்வார்கள். இந்த மனிதனா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சந்தன வாசனை எங்கிருந்தோ வரும். நாங்கள் குளிப்பது வேறு சோப்பில்.

அடுத்த மின்தடை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் வந்தது. தறிகள் நின்றன. நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து தெருக்கதவுக்குக் குறுக்கே நின்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"பெல் இன்னும் அடிக்கலங்க" என்றேன், சிரித்துக்கொண்டே. போன தடவை பாலத்திலிருந்து அதைச் சொல்லித்தான் வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னைக் கூர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குள் நிற்பவரைப் பார்க்கிற பார்வை அது. "யாரு நீ?" என்றார். "என் வீட்டுக்குள்ள ஒனக்கு என்ன வேல? அவ எங்க?"

"நான்தாங்க. என்னையப் பாருங்க."

"அவள என்ன பண்ணுன?" என் கையைப் பிடித்து முறுக்கினார். அத்தனை பலம் அவரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வளையல் உடைந்து குத்தியது. இன்னொரு கை ஓங்கியது. எப்படி உதறினேன், எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, அரிசி டிரம்மை இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டு அதன் மேல் சாய்ந்தேன். வெளியே கதவை இடித்தார். அவள் எங்கே, அவள் எங்கே என்று என்னைக் கேட்டே என்னை இடித்தார்.

டிரம் அரக்கிக்கொண்டு நகர்ந்தது. தம்பி வாங்கிவந்த தாழ்ப்பாள் அதன் மேலேயே கிடந்தது. ட்ரில் பை தலைக்கு மேலே பிளக் பாயிண்டில் தொங்கியது. தாழ்ப்பாளோடு வந்த ஸ்க்ரூக்களை எடுத்துக்கொண்டு, மிஷினில் ஸ்க்ரூ பிட்டை மாட்டி, தாழ்ப்பாளைக் கதவில் வைத்தேன். அளவெடுக்க வேண்டியிருக்கவில்லை. அதன் நாலு கண்ணும் அந்த நாலு குழிக்கு மேல் தானாகப் போய் உட்கார்ந்தன. விசையை அழுத்தினேன். கரண்ட் இல்லாத தெருவில், நின்றுபோன அத்தனை தறிகளுக்கு நடுவில், அந்தச் சின்ன மிஷின் ஒன்று மட்டும் ஓடியது. சோப்பு சுருண்டு என் காலில் விழுந்தது.

இடிப்பது நின்றது.

எனக்கு அப்போதுதான் உயிரே போனது. தெருக்கதவு தாழ் போடாமல் இருக்கிறது, அதற்கு மாட்ட நினைத்த மணியும் இன்னும் மாட்டவில்லை. அவர் போய்விட்டால்? நான் இங்கே என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, அவர் தரைப்பாலத்தில் போய் நின்றால்? காலடிச் சத்தத்துக்குக் காதைக் கூர்மையாக்கினேன். சத்தம் போகவில்லை. அவர் கதவுக்கு மறுபக்கம், ரொம்பப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மூச்சு கேட்டது. ட்ரில்லை நிறுத்தினால் போய்விடுவாரோ என்ற பயத்தில் அடுத்த ஸ்க்ரூவையும் முடுக்கினேன். அது கோணிக்கொண்டு வழுக்கியது.

"மொதல்ல கையால ஒரு சுத்து திருகிட்டு அப்பறம் மிஷின வைங்க" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். ஸ்டூல் மேல் நின்று எனக்குச் சொல்லும் அதே பழைய குரல். "அவசரப்பட்டா மரை போயிரும்."

கையால் ஒரு சுற்று திருகினேன். மிஷினை வைத்தேன். நேராக இறங்கியது. கடைசி ஸ்க்ரூவும் இறங்கிய பிறகு தாழ்ப்பாளை இழுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை.

பிறகு கதவை மெதுவாகத் தட்டினார், அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

"உள்ள யாரும்மா அழுகுறது?"

"ஒங்கள யாரு பூட்டி வச்சது? பயப்படாதீங்கம்மா. நான் தொறந்து விடுறேன்." கதவை வெளியிலிருந்து தடவித் தடவித் தாழ்ப்பாளைத் தேடினார். விரல்கள் மேலேயும் கீழேயும் போவது எனக்குக் கேட்டது. "மனுஷரப் போட்டுப் பூட்டுறதாவது. என்ன ஜென்மங்க" என்று முனகினார். "இருங்கம்மா. தாழ்ப்பாள் எங்க இருக்குன்னு தெரியல. இருங்க."

தாழ்ப்பாள் என் பக்கம் இருந்தது. கையை அதன் மேல் வைத்துக்கொண்டு அவர் தேடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் அறைக் கதவில் இன்றுவரை நான் தாழ்ப்பாள் போடவில்லை, இந்தக் கதவில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. டிரம்மைத் தள்ளிவிட்டுத் திறந்தேன்.

வேர்த்து விறுவிறுத்து நின்றார். திறந்தது தான்தான் என்று நினைத்து அவர் முகம் மலர்ந்தது. என் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார். "அய்யய்யோ" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பதறப் பதறக் கட்டுப் போட்டார். பிறகு தெருக்கதவை எனக்காக அகலத் திறந்து பிடித்தார்.

"போங்கம்மா. ஒங்க வீட்ல தேடிக்கிட்டு இருப்பாங்க."

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போறேன் சார்" என்றேன்.

அடுப்படிக்குப் போய், பாதி கொட்டிப் பாதியோடு டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். நான் குடித்து முடிப்பதற்குள் கரண்ட் வந்தது, எதிர்வீட்டுத் தறி தடக்கென்று கிளம்ப, ஒவ்வொன்றாக எல்லாம் ஓட ஆரம்பித்தன. அவர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். பக்கத்து நாற்காலியைக் காட்டி என்னையும் உட்காரச் சொன்னார்.

"என் சம்சாரம் இப்ப வந்துருவாம்மா. வந்தா அவளையே கொண்டுபோய் ஒங்கள வீட்ல விடச் சொல்றேன். அவ நல்லவ."

சரி என்று தலையை ஆட்டினேன். திறந்து கிடந்த தெருக்கதவைப் பார்த்தபடி, இரண்டு பேரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.